புகை, மரம், மது: ஒரு கனத்த செண்டைப் பூசுவதும் எடைபோடுவதும்

கடையில் காகிதப் பட்டையில் அடித்துக் கொடுத்ததை இரண்டு நிமிடம் முகர்ந்துவிட்டு அப்படியே பாட்டிலை வாங்குபவர்கள் உண்டு. மூக்கைச் சுளித்துத் திருப்பிக் கொடுப்பவர்களும் உண்டு. எலுமிச்சை வகைச் செண்டில் இந்த அவசரம் பெரிதாக எதையும் கெடுத்துவிடாது. புகையும் மரமும் மதுவும் கலந்த நீஷ் செண்டில் (சிறு நிறுவனங்கள் குறைந்த அளவில் செய்யும் வகை) இருவருமே ஏமாறுவார்கள். இந்த வகையில் முதலில் வாசலுக்கு வருவது மது. அது கிளம்பிப் போனபின் புகை எதன்மேல் நிற்கிறது என்பதில்தான் சரக்கின் தரம் இருக்கிறது. அதைப் பார்க்க இரண்டு மூன்று மணி நேரம் பொறுக்க வேண்டும்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு செண்டை வைத்துக்கொள்வோம்: நவோமி குட்சிர் நிறுவனம் 2012-இல் வெளியிட்ட ‘புவா தாசெஸ்’. செய்தவர் ஜூலியன் ராஸ்கினே. புகையிலை, விஸ்கி, இலவங்கப்பட்டை, லேப்டனம் பிசின், ஓக் மரப்பாசி, சோமாலியத் தூபப் பிசின், புகைத்த கேட் மரம் (ஒரு ஜூனிப்பர் வகை) என்று பட்டியல் போகிறது. இதைவிட இளகிய உதாரணம் வேண்டுமென்றால் லூபன் நிறுவனத்தின் ‘இதோல்’ (2005, ஒலிவியா ஜியாகொபெட்டி): ரம், குங்குமப்பூ, தூபம், புகைத்த கருங்காலி, கரும்பு. முன்னதில் புகை எசமானன். பின்னதில் ரம்முக்குத் துணையாக வருவது.

ஒன்றை முதலிலேயே தெளிவாக்கிவிடலாம். பட்டியலில் ‘விஸ்கி’ என்றிருந்தால் உள்ளே விஸ்கி ஊற்றியிருக்கிறார்கள் என்று பொருளில்லை. அந்தப் பட்டியல் விளம்பரம், செய்முறை அல்ல.

மது வாசனைக்குப் பெரும்பாலும் கைகொடுப்பவை சில. கொன்யாக் எண்ணெய் என்று ஒன்று உண்டு. ஒயின் புளித்தபின் அடியில் தங்கும் ஈஸ்ட் மண்டியிலிருந்து வடிப்பது. தனியாக முகர்ந்தால் மெழுகும் பச்சை ஆப்பிளும் போலிருக்கும், இனிப்பே இருக்காது. இன்னொன்று தவன எண்ணெய். தவனம் வேறொன்றுமில்லை, நம் பூக்கடைகளில் கதம்பத்தில் வைத்துக் கட்டும் மரிக்கொழுந்துதான். ஊறிய பழமும் ரம்மும் போன்ற அதன் வாடைக்காகவே செண்ட் செய்பவர்கள் வாங்குகிறார்கள், உலகச் சந்தைக்கு அது பெரும்பாலும் தென்னிந்தியாவிலிருந்துதான் போகிறது. தோலுக்குத் தோல் மாறி மணப்பதற்குப் பெயர்போனது என்பதையும் நினைவில் வையுங்கள். நண்பர் கையில் ரம்மாக இருந்தது உங்கள் கையில் வாடிய பூவாக இருக்கலாம்.

புகைக்கு கேட் எண்ணெய், பிர்ச் மரத் தார், குவாயக் மரம், வெட்டிவேர், கோரைக்கிழங்குக்கு உறவான நாகர்மோத்தா. இவற்றில் முதல் இரண்டும் மரத்தையோ பட்டையையோ மூடிய கலத்தில் கருக்கி எடுப்பவை.

இந்த மூன்று வாசனைகளும் ஏன் ஒட்டுகின்றன என்பது தெரிந்தால் எடைபோடுவது எளிது. மரத்துக்கு விறைப்பைத் தருவது லிக்னின். மரம் எரியும்போது லிக்னின் உடைந்து குவாயகால் போன்ற பீனால்கள் என்ற சேர்மங்கள் பிறக்கின்றன. விறகடுப்புப் புகையின் வாசனையில் பெரும்பங்கு அவற்றுடையது. ஓக் பீப்பாயின் உட்புறத்தைத் தீயில் வாட்டும்போது அதே லிக்னினிலிருந்து வனிலா மணம் தரும் வனிலின் வருகிறது. உள்ளே ஆண்டுக்கணக்கில் கிடக்கும் மது அதைக் குடித்துக்கொள்கிறது. ஆலையில் தயாராகும் வனிலினில் பெரும்பகுதிக்கு மூலப்பொருளே குவாயகால்தான். ஆக இது ஒரே மரம் மூன்று வேடம் போடுவது. நல்ல செண்டில் மது மெல்ல மரமாக மாறும், மரத்திலிருந்து புகை கசியும், எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்கியது என்று சொல்ல முடியாது. மட்டமானதில் மூன்றும் ஒரே பேருந்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்த அந்நியர்கள்.

மூக்குக்கு ஒரு அளவுகோல்

எதையும் வாங்குமுன் ஒரு நாட்டு மருந்துக் கடைக்குப் போய்வருவது நல்லது. வெட்டிவேர் ஒரு பிடி, தேவதாருக் கட்டை ஒரு துண்டு, கோரைக்கிழங்கு கொஞ்சம், சாம்பிராணி கொஞ்சம். பூக்கடையில் மரிக்கொழுந்து. வீட்டில் இருக்கும் கருப்பட்டியும் உலர்திராட்சையும். ரம்மில் ஊறிய பழம் எப்படி மணக்கும் என்பதற்கு கிறிஸ்துமஸ் ப்ளம் கேக் ஒரு துண்டு போதும். ஒவ்வொன்றையும் மூடிபோட்ட சிறு புட்டியில் வைத்து, கண்ணை மூடி எடுத்து முகர்ந்து பெயர் சொல்லிப் பழகுங்கள். ‘புகை’ என்று ஒரே சொல்லில் தள்ளிவிடாமல், இது சாம்பிராணிப் புகை, இது வேரின் மண்புகை, இது தார்ச்சாலைப் புகை என்று பிரிக்க ஒரு வாரத்தில் மூக்கு கற்றுக்கொள்ளும்.

சோதிக்கும் நாள்

2 மி.லி. டீகான்ட் (பெரிய பாட்டிலிலிருந்து சிறு புட்டியில் பிரித்து விற்பது) வாங்குங்கள். ஒரு அழுத்துக்கு ஏறக்குறைய 0.1 மி.லி. போகும், ஆகவே இருபது அழுத்து கிடைக்கும். நாலைந்து நாள் சோதனைக்குத் தாராளம். ஒரு நாளுக்கு ஒரு செண்ட்தான். புகை வாசனை மூக்கைச் சீக்கிரம் மழுக்கிவிடும், இரண்டாவதற்கு நியாயம் கிடைக்காது. மூக்கைத் தெளிவாக்க என்று கடைகளில் கொடுக்கும் காப்பிக்கொட்டை உதவாது, அது இன்னொரு வாசனை. செண்ட் படாத உங்கள் சட்டைக் கையை முகர்வதோ வெளியே போய் நிற்பதோ மேல்.

வாசனையில்லாத சோப்பில் குளித்து, பவுடரும் தேங்காயெண்ணெயும் தடவாத முன்கையின் உட்புறத்தில், நடுவில், 15 செ.மீ. தள்ளி ஒரே ஒரு அழுத்து. மணிக்கட்டு வேண்டாம்: கை கழுவும்போது போய்விடும், தோல் வார் கடிகாரம் கட்டினால் அதன் வாடையும் சேரும். அதே நேரத்தில் ஒரு காகிதப் பட்டையிலும் ஒரு பருத்தித் துணியிலும் ஒவ்வொரு அழுத்து. காகிதம் மெதுவாக ஓடும், தோல் வேகமாக ஓடும். இரண்டும் எங்கே வேறுபடுகின்றன என்று பார்ப்பதே பாதிப் பாடம்.

பூசிய முதல் ஒரு நிமிடம் முகராதீர்கள். அப்போது எழுவது செண்டைக் கரைத்திருக்கும் எத்தனால். அதையே ‘அட, மது வாசனை’ என்று குறித்துக்கொள்வது புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு. தேய்க்கவும் வேண்டாம். தேய்த்தால் மூலக்கூறு உடையும் என்று சொல்வார்கள், அது கதை; ஆனால் சூடேறி முதல் வாசனைகள் சீக்கிரம் பறந்துவிடும், நீங்கள் பார்க்க வந்ததே அதைத்தான்.

பிறகு கடிகாரத்தைப் பார்த்து 5 நிமிடம், 30 நிமிடம், 2 மணி, 4 மணி, 8 மணி, மறுநாள் காலை என்று ஒவ்வொரு வரி எழுதுங்கள். முதலில் ஒரு சாண் தள்ளி முகருங்கள், பிறகு ஒட்டி. மற்றவர்களுக்கு எட்டுவது தூரத்து வாசனைதான். எழுதும்போது ‘நன்றாக இருக்கிறது’ என்பது ஒன்றுக்கும் உதவாது. ‘ஊறிய திராட்சை, பின்னால் எரிந்து அணைந்த கொட்டாங்குச்சி’ என்பது உதவும்.

எந்த மணியில் எது கெடும்

முதல் அரைமணி மதுவுடையது. நெயில் பாலிஷ் போல் சுரீரென்று ஒரு வாடை பத்து நிமிடம் இருந்தால் மன்னிக்கலாம், பழ மணம் தரும் எஸ்டர் சேர்மங்கள் அப்படித்தான் நுழையும். அரைமணிக்குப் பிறகும் அது நின்றால் கலவை முரடு.

முக்கால் மணியிலிருந்து மூன்று மணி வரைக்கும்தான் பரீட்சை. மதுவுக்குரிய எளிதில் ஆவியாகும் பொருள்கள் போய்விட்டன. இனி அந்த மயக்கத்தைத் தொடர வேண்டியது இனிய மணமுள்ள டோங்கா விதையும் வனிலினும் பிசின்களும். இங்கே செய்பவர் சோம்பினால் மது போன இடத்தில் சர்க்கரைப் பாகு மட்டும் மிஞ்சும், மிட்டாய்க்கடை வாசலில் நிற்பது போலிருக்கும். எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. மரத்தின் உலர்ந்த தாங்கல் இல்லாமல் பீனால்கள் மட்டும் தூக்கிக்கொண்டு நின்றால் புகை இறைச்சி வாடைக்குத் தாவும். வெளிநாட்டார் புகையிட்ட பன்றி என்பார்கள், நம் மூக்குக்கு அது சுட்ட கருவாடு. இன்னும் மிஞ்சினால் டெட்டால், காயக்கட்டு, மருத்துவமனைத் தாழ்வாரம். புவா தாசெஸ் போன்றவை இந்த விளிம்பில் தெரிந்தே நடப்பவை. அதனால் ‘கருவாடு வருகிறதா’ என்று கேட்காமல் ‘வந்து போகிறதா, வந்து தங்கிவிடுகிறதா’ என்று கேளுங்கள்.

நாலாவது மணிக்குமேல் மரத்தின் முறை. வெட்டிவேர், சந்தனம், சிடார் என்று பெயர் சொல்லக்கூடிய ஒன்று கிடைத்தால் மகிழ்ச்சி. கிடைக்காமல், மூக்கின் மேல்பாகத்தில் ஊசி வைத்ததுபோல் உலர்ந்த, உலோகத்தனமான ஒரு கூர்மை மட்டும் மிஞ்சினால், அது செயற்கை மர-அம்பர் வகைகளின் வேலை. துணியில் நாட்கணக்கில் நிற்கும். ‘பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறது’ என்று சிலாகிக்கப்படும் பல செண்டுகளில் நிற்பது இதுதான். நிற்பதாலேயே தரம் என்று ஆகிவிடாது. மறுநாள் காலை துணியை முகர்ந்து பாருங்கள்: அணைந்த தூபத்தின் இனிமை இருக்கிறதா, வெறும் ஊசியா?

உங்களுக்கு ஒரு மணி நேரத்தில் வாசனை நின்றுவிட்டதுபோல் தோன்றினால் அவசரப்பட்டு இன்னும் அடிக்காதீர்கள். மூக்கு பழகிப்போயிருக்கலாம். ஐசோ ஈ சூப்பர் போன்ற மர வாசனைப் பொருள்களும் சில கஸ்தூரி வகைகளும் சிலருக்குச் சரியாகவே எட்டுவதில்லை. வெளியிலிருந்து இப்போதுதான் உள்ளே வந்த ஒருவரிடம் கேளுங்கள்.

பூசும் அளவு

பாட்டிலில் ஓ த பர்ஃப்யூம் என்றிருந்தால் பொதுவாக 15–20 சதவீதம் வாசனைப் பொருள், அதைவிடச் செறிவான எக்ஸ்ட்ரே என்றால் 20–30. நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். இந்த வகையில் முன்னதற்கு இரண்டு அழுத்து, பின்னதற்கு ஒன்று. இடம் நெஞ்சு, சட்டைக்குள். இரண்டாவது பிடரியில்: நடக்கும்போது பின்னால் ஒரு கோடு விடும், உங்கள் மூக்குக்கு நேராக நின்று அதை மழுக்காது. கழுத்தின் முன்புறம் வேண்டாம். கிளம்புவதற்கு முப்பது நாற்பது நிமிடம் முன்பே பூசிவிடுங்கள், மதுவின் முதல் சீறல் வீட்டிலேயே அடங்கட்டும்.

வெயில் இந்தச் செண்டுகளைப் பெரிதாக மாற்றும். ஐரோப்பாவின் குளிரை மனதில் வைத்துச் செய்தவை பல. 8 டிகிரியில் நான்கு அழுத்து கம்பளிக் கோட்டுக்குள் முணுமுணுக்கும். சென்னையின் 36 டிகிரியில் அதே நான்கு ஒலிபெருக்கி. சூட்டில் இனிப்பு திகட்டும், வியர்வையில் புகை நனைந்த சிகரெட் சாம்பலாகும். சித்திரை வைகாசியில் பகலில் விட்டுவிடுங்கள். மார்கழி இரவு, மலையூர், மழை நாள், ஏசி அறை எல்லாம் பொருந்தும். பகிர்ந்துகொள்ளும் கார் மட்டும் பொருந்தாது. ஆஸ்துமா உள்ளவர் அருகில் இருந்தால் அன்றைக்கு வேண்டாம்.

குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று நினைப்பார்களோ என்ற கவலை நியாயமானது. புதிதாகப் பூசிய ரம் வகையைப் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர் தவறாக எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. பெண் பார்க்கப் போகும்போதும் நேர்காணலுக்கும் மது முன்னால் நிற்கும் செண்டைத் தவிர்த்து, புகையும் மரமும் முன்னால் நிற்பதைத் தேர்ந்தெடுங்கள். ‘கோயிலுக்குப் போய்விட்டு வந்தீர்களா’ என்று கேட்டால் குறையில்லை.

துணியில் அடிப்பதென்றால் நிறம் பாருங்கள். வனிலின் காற்றுபட்டுப் பழுப்பாகும், தார் எண்ணெய்களும் நிறமுள்ளவை. வெள்ளை வேட்டியிலும் பட்டிலும் கறை விழும். கறுப்புக் கோட்டின் உள்துணிக்குச் சரி.

அதிகமாகிவிட்டதா? தண்ணீர் ஊற்றினால் போகாது, இவை எண்ணெயில் கரைபவை. பஞ்சில் சமையல் எண்ணெய் தொட்டுத் துடைத்து, பிறகு சோப்புப் போடுங்கள். இரண்டு முறை செய்தால் முக்கால்வாசி இறங்கும். துணிக்குத் துவையலும் காற்றோட்டமும்தான்.

பாட்டிலை அதன் பெட்டியோடு இருட்டான அலமாரியில் வையுங்கள். குளியலறையும் காரும் ஆகாது. டீகான்ட் புட்டியில் பாதிக்குமேல் காற்றானபின் முதலில் மங்குவது மதுப் பகுதி, ஆகவே மிச்சமிருப்பதைச் சிறிய புட்டிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பழைய டீகான்டை வைத்து ‘இப்போதெல்லாம் ரம் குறைத்துவிட்டார்கள்’ என்று முடிவுகட்டுமுன் அது எத்தனை மாதம் எங்கே கிடந்தது என்று ஒருமுறை விசாரியுங்கள்.