ஸ்பானிய எழுத்துகளைச் சொல்லித் தரும்போது நடுவில் ஆங்கிலம் வேண்டாம்

தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஸ்பானிய மொழியைத் தொடங்கி வைக்கும்போது நாம் செய்கிற பெரிய தவறு, ஆங்கிலத்தை ஏணியாகப் போடுவது. எழுத்தின் உருவம் இரண்டு மொழிக்கும் ஒன்றுதானே என்று, "ஏ, பி, சி தெரியும் அல்லவா, அதையே கொஞ்சம் மாற்றிச் சொல்லுங்கள்" என்று ஆரம்பித்துவிடுகிறோம். முதல் நாளே ஒலி கெட்டுப்போகிறது. அதை அப்புறம் சரிசெய்வது பெரும்பாடு.

உயிரெழுத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பானியத்தில் ஆ, எ, இ, ஒ, உ என ஐந்தே உயிர் ஒலிகள். எந்தச் சொல்லில் வந்தாலும் பெரிதாக மாறாது. ஆங்கிலத்திலோ 'கேக்'கில் வரும் அதே எழுத்து 'கார்' என்னும்போது வேறு ஒலி. இந்தக் குழப்பத்தை எதற்கு வகுப்புக்குள் கொண்டுவர வேண்டும்? எ, ஒ என்ற குறில்கள் தமிழ்க் குழந்தைக்குத் தானாகவே வரும்.

மெய்யிலும் இதே கதைதான். 'நீ' என்பதற்கு ஸ்பானியத்தில் 'தூ'. ஆங்கிலம் வழியாக வந்த மாணவர் அதை 'டூ' என்பார். நாக்கின் நுனி பல்லைத் தொடும் நம் 'த' தான் அங்கே வேண்டியது. சொல்லின் முதலில் வரும் ப, த, க மூன்றையும் ஆங்கிலேயர் காற்றை ஊதிச் சொல்வார்கள். ஸ்பானியர் ஊத மாட்டார்கள், நாமும் ஊதுவதில்லை. உதட்டுக்கு முன் மெல்லிய தாளைப் பிடித்துச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள், தாள் ஆடக் கூடாது.

எனக்கு மிகவும் பிடித்த ஒற்றுமை இன்னொன்று. 'பாதை' என்னும்போது நடுவில் உள்ள 'த' எவ்வளவு மென்மையாகிறது? 'ஒன்றுமில்லை' என்று பொருள்படும் 'நாதா'விலும் அதே மென்மை. 'அமீகோ'வின் 'கோ'வும் 'அகம்' என்பதன் 'க' போல இளகியே ஒலிக்கும். மாணவர் ஏற்கெனவே அறிந்த பழக்கம் இது, சுட்டிக்காட்டினால் போதும்.

தலையில் அலைக்கோடு போட்ட 'எஞே' (ñ) நம் 'ஞ' தான். இடைக்காலத்தில் இரட்டை 'ன' எழுதிய பிரதியாளர்கள் ஓர் எழுத்தை மற்றொன்றின் தலைமேல் சிறிதாகப் போட்டதில் பிறந்தது அந்தக் கோடு. அதை அலங்காரம் என்று விட்டுவிட்டால் 'ஆண்டு' என்ற சொல் ஆசனவாயைக் குறிக்கும் சொல்லாகிவிடும். 'பெரோ' என்றால் 'ஆனால்', நடுவில் உள்ள எழுத்தை இரட்டித்து (rr) நாக்கு அதிர 'பெறோ' என்றால் நாய். நம்மில் பலர் பேச்சில் ர, ற வேறுபாட்டைத் தொலைத்துவிட்டோம். குமரி மாவட்டத்துப் பேச்சில் அது இன்னும் இருக்கிறது, அந்தப் பக்கத்துப் பிள்ளை வகுப்பில் இருந்தால் சொல்லிக் காட்டச் சொல்லலாம். சொல்லின் தொடக்கத்தில் ஒற்றை எழுத்தாக வந்தாலும் அதிர்வு உண்டு: 'றோஸா'.

சரி, எல்லாவற்றையும் தமிழில் எழுதிக்கொள்ளலாமா? அதுவும் தவறுதான். 'எடை'க்கும் 'முத்தத்'துக்கும் ஸ்பானியத்தில் முதல் எழுத்து வேறு, ஒலியும் வேறு. தமிழில் எழுதினால் இரண்டும் 'பெஸோ' ஆகிவிடும். தமிழ் காதுக்கும் நாக்குக்கும் உதவட்டும், நோட்டில் ஸ்பானிய எழுத்தே இருக்கட்டும்.

அகரவரிசைப் பாட்டோடு முதல் வாரத்தை முடிப்பது இன்னொரு தவறு. 'எஃபே', 'எமே' என்ற பெயர்கள் தன் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்ல உதவும், வாசிக்க உதவாது. ஸ்பானியக் குழந்தைகள் 'மா, மே, மீ, மோ, மூ' என்றுதான் படிக்கத் தொடங்குவார்கள். "மீ மமா மே மீமா", அதாவது 'அம்மா என்னைக் கொஞ்சுகிறாள்' என்பது அங்கே பழைய பாடவரி. உயிர்மெய் வரிசை படித்தவருக்கு இதைவிட எளிய வழி ஏது?

பழைய சுவரொட்டியைத் தொங்கவிடும் முன் எண்ணிப் பாருங்கள். 29 எழுத்து இருந்தால் அது காலாவதியானது. 'சே' (ch), 'எய்யே' (ll) என்ற இரட்டை எழுத்துகளுக்கு அகராதியில் இருந்த தனி இடத்தை 1994இல் நீக்கினார்கள். 2010இல் அகரவரிசையிலிருந்தே எடுத்துவிட்டார்கள். இப்போது 27.

உச்சரிப்பில் ஒரு நாட்டை மட்டும் 'சரி' என்று சொல்லிவிடாதீர்கள். தெருவைக் குறிக்கும் சொல் பல ஊர்களில் 'காயே', அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸில் 'காஷே'. வகுப்புக்கு ஒன்றைத் தேர்ந்துகொண்டு, மற்றதும் உண்டு என்று சொல்லிவிடுங்கள்.

'பே' (b), 'ஊவே' (v) என்ற எழுத்துகள் இரண்டுக்கும் ஒலி ஒன்றே. உதட்டைப் பல்லில் வைத்து ஆங்கில 'வீ' போலச் சொல்லப் பழக்காதீர்கள். எது என்று கேட்க லத்தீன் அமெரிக்காவில் பலர் 'நீள பே', 'குட்டை வே' என்பார்கள். நாம் சின்ன 'ர', பெரிய 'ற' என்கிறோமே, அதுபோல.