அஞ்சு செகண்ட் பாத்துட்டு போர்ட மூடுங்க: செஸ்ல கண்ண பழக்குறது எப்படி

சிங்கப்பூர்ல எங்க ஈசூன் பிளாக்குக்கு கீழ வாய்ட் டெக்ல, அதாவது தரைத்தளத்துல இருக்குற பொது எடத்துல, கல் மேசை ஒண்ணு இருக்கு, மேல செஸ் கட்டம் பதிச்சது. சாயங்காலம் நானும் பையனும் அங்கதான் ஆடுவோம். ஒரு ரிட்டயர்ட் அண்ணன், கோப்பி ஓ (பால் இல்லாத காப்பி) பாக்கெட்ட விரல்ல மாட்டிக்கிட்டு அந்த பக்கம் போவாரு, நாங்க இருபது நிமிஷமா மண்டைய உடச்சிக்கிட்டு இருக்குற பொசிஷன நடந்துக்கிட்டே ஒரு பார்வை பாத்துட்டு "தம்பி, குதிரைய பாரு"ன்னுட்டு லிஃப்ட்டுக்கு போயிடுவாரு. பாத்தா குதிரைதான் பதில். மனுசனுக்கு மூளை கம்ப்யூட்டர் மாதிரி ஓடுதுன்னு ரொம்ப நாள் நெனச்சிட்டிருந்தேன், அப்புறம் இதப்பத்தி படிச்சதும்தான் தெரிஞ்சுது, அவரு கணக்கே போடல, பாத்த ஒடனே தெரியுது அவ்ளோதான்.

நெதர்லாந்து சைக்காலஜிஸ்ட் அட்ரியான் டி குரூட்னு ஒருத்தர், அலெகின், யூவே மாதிரி பெரிய ஆளுங்களையே உக்கார வச்சு சத்தமா யோசிக்க சொல்லி கேட்டு 1946ல ஆராய்ச்சிய வெளியிட்டாரு. கிராண்ட்மாஸ்டர் சாதாரண நல்ல பிளேயர விட ரொம்ப ஆழமா ஒண்ணும் யோசிக்கல, ஆனா நல்ல மூவ் அவங்க கண்ணுல மொதல்லயே பட்டுடுது.

1973ல வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க இன்னும் ஒரு படி போனாங்க. நிஜ கேம்லேர்ந்து ஒரு பொசிஷன அஞ்சு செகண்ட் காட்டி மறச்சிட்டா, மாஸ்டர் கிட்டத்தட்ட 16 காய சரியா திருப்பி வச்சாரு, புதுசா கத்துக்கிட்டவரு நாலுதான். ஆனா அதே காய்ங்கள கன்னாபின்னான்னு கலச்சு வச்சா மாஸ்டரும் மூணு நாலோட நின்னுட்டாரு! "கறிவேப்பிலை"ய ஒரே பார்வையில படிக்கிறோம்ல, அதையே "பிகலைவேறிப்"னு எழுதி காட்டி மறச்சா நம்மளும் முழிப்போம். அந்த மாதிரிதான், காய்ங்கள கொத்து கொத்தா பாக்குறாங்க.

சரி, நம்ம என்ன பண்ணணும்?

மொதல்ல உங்க கண்ணு எங்க நிக்குதுன்னு பாருங்க. ஏதாவது மாஸ்டர் கேம்ல 15வது 20வது மூவ் பொசிஷன வேற யாரையாவது வைக்க சொல்லுங்க, அஞ்சு செகண்ட் பாருங்க, மேல பேப்பர போட்டு மூடிட்டு இன்னொரு போர்டுல வச்சு பாருங்க. எத்தன சரிங்கறத விட எப்படி வைக்கிறீங்கன்னு கவனிங்க. என் பையன் கேஸ்லிங் பண்ண (யானையோட சேந்து ஓரமா பாதுகாப்பா போன) ராஜா, பக்கத்துல யானை, முன்னாடி மூணு சிப்பாய், அஞ்சையும் டக் டக்னு ஒரே மூச்சுல வச்சான், அப்புறம் கை அந்தரத்துல நின்னுடுச்சு. அந்த அஞ்சும் அவனுக்கு ஒரே கொத்து, மிச்சமெல்லாம் தனித்தனி காய். இது ஒரு டெஸ்ட்தான், தினமும் இதையே பண்ணிட்டிருந்தா ஞாபகம் வேணா வளரும், செஸ் வளராது.

கொத்து சேர்றது செஸ் பசில் (புதிர்) போடுறதுல. இங்கதான் முக்காவாசி பேரு தப்பு பண்றோம், தினம் புதுசு புதுசா கஷ்டமான பசில் போட்டு ரேட்டிங் (ஆட்டத் தெறமைக்கு குடுக்குற புள்ளி) ஏறுதான்னு பாக்குறோம். நான் இப்ப லேசான பசிலா ஒரு நூறு எடுத்து, ஒரே ஐடியா உள்ளத ஒண்ணா சேத்து, திரும்ப திரும்ப அதையே போட வைக்கிறேன். உதாரணத்துக்கு மூச்சுமுட்டு மேட்: எதிராளி ராஜா எச்8 மூலையில (எச்8, ஜி8 எல்லாம் கட்டத்தோட பேரு), நம்ம ராணிய பக்கத்து கட்டம் ஜி8ல குடுக்குறோம், நம்ம குதிரை காவல் இருக்குறதால ராஜா எடுக்க முடியாது, அவங்க யானை வந்து எடுத்தே ஆகணும், எடுத்ததும் நம்ம குதிரை எஃப்7ல செக், சொந்த ஆளுங்களே சுத்தி நிக்கிறதால ராஜாவுக்கு போக எடமில்ல. மொத தடவ பையனுக்கு மூணு நிமிஷம் ஆச்சு, நாலாவது சுத்துல பக்கத்த திருப்பும்போதே சொல்லிட்டான். பதில் மனப்பாடம் ஆயிடுச்சேன்னு கவலப்படாதீங்க, அதுதான் வேணும்.

அப்புறம் தனியா உக்காந்து படிக்கிறது. நீல் சார்னஸ் குழு 2005ல போட்ட ஆராய்ச்சில, டோர்னமெண்ட் ஆடுன நேரத்த விட தனியா உக்காந்து படிச்ச நேரந்தான் ரேட்டிங்கோட அதிகமா ஒத்துப்போச்சு. எம்ஆர்டி ரயில்ல நின்னுக்கிட்டே ஆடுற பிளிட்ஸ் (சில நிமிஷத்துல முடியுற வேக செஸ்) இதுல சேராது, நானே அதுல மாசக்கணக்கா வேஸ்ட் பண்ணிருக்கேன். ஆனா மணிக்கணக்க வச்சு பக்கத்து வீட்டு புள்ளயோட கம்பேர் பண்ணாதீங்க ப்ளீஸ். அர்ஜென்டினா பிளேயர்ஸ வச்சு கோபேவும் கம்பிடெல்லியும் பாத்ததுல, ஒருத்தரு சுமார் 3,000 மணி நேரத்துல மாஸ்டர் லெவல தொட்டாரு, இன்னொருத்தருக்கு 23,000க்கு மேல ஆச்சு. டியூஷன் ஊர்ல இருக்கோம், இதச் சொன்னா யாருக்கும் புடிக்காது.

கடைசியா ஒரு வம்பு இருக்கு, கண்ணு பழகுறதே சில சமயம் நம்மள ஏமாத்தும். 2008ல பிலாலிச் குழு, நல்ல பிளேயர்ஸ்கிட்ட ஒரு பொசிஷன குடுத்தாங்க. மேல சொன்ன மூச்சுமுட்டு மேட் அதுல இருந்துச்சு, அத விட சீக்கிரமா முடியுற வழியும் இருந்துச்சு. பழகுனத கண்டதும் "வேற நல்லதா தேடுறோம்"னு வாயில சொன்னாங்க, ஆனா கேமரால பாத்தா கண்ணு பழைய கட்டத்தையேதான் சுத்துது. உலக சாம்பியன் லெவல்லயே இதோட சாயல பாக்கலாம். 2024 டிசம்பர் 12, இங்க செந்தோசால உலக சாம்பியன்ஷிப் 14வது கேம், அப்ப சாம்பியனா இருந்த டிங் லிரன் 55வது மூவ்ல யானைய எஃப்2ல வச்சது பெரிய தப்பு, ஆனா நம்ம குகேஷே மொதல்ல அத கவனிக்காம தன் யானைய பி3க்கு நகத்தத்தான் போனாராம், அப்புறந்தான் எதிராளி பிஷப் மாட்டிக்கிறது தெரிஞ்சுதுன்னு அவரே சொன்னாரு. 18 வயசுல பட்டம் வந்தது அந்த கொஞ்ச நேரத்துல நிதானிச்சதால.

அதனால நல்ல மூவ் தெரிஞ்சதும் காய தொடாம, போர்டோட எதிர்மூலைக்கு கண்ண வலுக்கட்டாயமா கொண்டு போங்க. மூவ மொதல்ல பேப்பர்ல எழுதிட்டு யோசிக்கிற பழக்கம் வேணாம், டோர்னமெண்ட்ல ஆடாம முன்கூட்டியே எழுதக்கூடாது, பையன் ஆர்பிட்டர்கிட்ட (நடுவர்கிட்ட) ஒரு தடவ திட்டு வாங்குனான். இப்ப கைய தொடைக்கு அடியில வச்சுக்க சொல்லிருக்கேன். நேத்து அப்படியே உக்காந்திருந்தான், அண்ணன் வந்து "குதிரை"ன்னாரு, இவன் "இல்ல மாமா, பிஷப்"ன்னான். அவரு கோப்பிய மேசைல வச்சுட்டு உக்காந்துட்டாரு.