வீட்டுல ஒரு ரூம் காலியா இருக்கா? யூனிவர்சிட்டி பொண்ணுக்கு வாடகைக்கு விடுறது எப்படின்னு சொல்றேன்

ஜூலை வந்தா போதும், நம்ம சிங்கப்பூர் வாட்ஸ்அப் குரூப்ல எல்லாம் இதே மெசேஜ்தான், "என்டியூல படிக்கிற பொண்ணுக்கு ரூம் வேணும், தமிழ் குடும்பமா இருந்தா நல்லது". என்டியூன்னா நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். முதல் வருஷம் எப்படியாவது யூனிவர்சிட்டி ஹாஸ்டல்ல இடம் கெடச்சிடும், அப்புறம் கிளப், விளையாட்டுன்னு சேர்ந்து வாங்குற ஆக்டிவிட்டி பாயின்ட் பத்தலன்னா வெளியதான் தேடணும், காண்டோ (தனியார் அடுக்குமாடி) வாடகை கட்டுப்படியாகாது, எச்டிபி (அரசாங்க அடுக்குமாடி) வீடுன்னு போன் போட்டா "எந்த ஊரு, சமைப்பீங்களா"ன்னு கேட்டுட்டு வச்சிடுறாங்க. இனத்தை சொல்லி ஏஜென்ட் விளம்பரம் போடக்கூடாதுன்னு சொத்து ஏஜென்ட்டுங்கள மேற்பார்வை பாக்குற சிஇஏ அமைப்போட விதியே இருக்கு, போன்ல கேக்குறத யாரு தடுக்கறது. பிள்ளைங்க கல்யாணமாகி போய் ரூம் சும்மா கெடக்குற ஆன்ட்டி அங்கிள் எல்லாரும் இத யோசிச்சுப் பாருங்க, அதுவும் பூன் லே, பயனியர், கிளமெண்டி பக்கம் இருக்கீங்கன்னா கண்டிப்பா. பூன் லேல இருந்து 179, 199 ரெண்டு பஸ்ஸும் நேரா என்டியூ உள்ளயே போகுது.

ஆனா ஒண்ணு. "எங்க பொண்ணு மாதிரி பாத்துக்குறோம், எக்ரிமெண்ட் எல்லாம் எதுக்கு"ன்னு நெறைய பேர் சொல்றாங்க. நல்ல மனசுலதான் சொல்றாங்க, அது எனக்குப் புரியுது. பேப்பர் இல்லன்னா அந்தப் பொண்ணு அந்த வீட்டுல தன்னோட உரிமைய நிரூபிக்கிறது கஷ்டம், நாளைக்கு ஒரு மனஸ்தாபம் வந்தா ராத்திரியோட ராத்திரியா பெட்டிய தூக்கிட்டு கெளம்ப வேண்டியதுதான். பாசம் இருக்கட்டும், முதல்ல அவளை முறையான வாடகைக்காரியா வச்சுக்கோங்க.

எச்டிபி வீடுன்னா வாடகைக்கு விடுறதுக்கு முன்னாடியே வீவக (எச்டிபியோட தமிழ்ப் பேரு, வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அனுமதி வாங்கணும், சிங்பாஸ் (அரசாங்க ஆன்லைன் லாகின்) வச்சு ஆன்லைன்லயே பண்ணிடலாம். மூணு ரூம் வீடு இல்ல அதுக்கு மேல இருக்கணும், ரூம் மட்டும் விடும்போது நீங்களும் அதே வீட்டுலதான் குடியிருக்கணும், வீவக கட்டிக் குடுத்த பெட்ரூம்தான் விடலாம், பாம் ஷெல்டர்லயோ ஹால்ல தடுப்பு போட்டோ படுக்க வைக்கக்கூடாது. குறைஞ்சது 6 மாசம், அதனால ஒரே ஒரு செமஸ்டர் எக்ஸ்சேஞ்ச்ல வர்ற பொண்ணுக்கு எச்டிபி ரூம் சரிப்படாது. தனியார் வீடுன்னா 3 மாசம். வெளிநாட்டுப் பொண்ணா இருந்தா ஸ்டூடன்ட் பாஸ பாஸ்போர்ட்டோட ஒப்பிட்டு, செல்லுபடி ஆகுதான்னு ஐசிஏ (குடிநுழைவு ஆணையம்) ஆன்லைன் சேவைல செக் பண்ணணும், அது வீட்டுக்காரங்க கடமை. பாத்துட்டு பாஸ்போர்ட்ட அங்கயே திருப்பிக் குடுத்துடுங்க, "பத்திரமா வச்சுக்கிறேன்"னு வாங்கி வைக்கவே வைக்காதீங்க.

எக்ரிமெண்ட்டுக்கு சிஇஏ வெப்சைட்ல மாதிரி இலவசமா இருக்கு. பியூபி பில் (தண்ணி, கரண்ட்), ஏர்கான், வைஃபை யாரு கட்டறதுன்னு அதுலயே எழுதிடுங்க, வாடகைய கம்மியா சொல்லிட்டு ஏர்கானுக்கு தனியா தீட்டினா அது குறைஞ்ச வாடகையே இல்ல. ஒரு வருஷத்துக்கு ஒரு மாச டெபாசிட் போதும். ஸ்டாம்ப் டூட்டி மொத்த வாடகைல 0.4 சதவீதம், மாசம் 700 வெள்ளின்னா வருஷத்துக்கு 33 வெள்ளிதான் வரும், வழக்கமா வாடகைக்கு வர்றவங்கதான் கட்டுவாங்க, நீங்களே கட்டிட்டா அந்தப் பொண்ணுக்கு ஒரு உதவி.

இப்ப கதவு. பெரும்பாலான வீட்டு பெட்ரூம் குமிழ்ல நடுவுல ஒரு பட்டன் இருக்கும், உள்ள அமுக்கினா லாக் ஆகும், ஆனா வெளிப்பக்கம் ஒரு சின்னப் பள்ளம் இருக்கு பாருங்க, அதுல பத்து காசு நாணயத்த வச்சு திருப்பினா தொறந்துடும். அதுக்குப் பேரு பூட்டு இல்ல. சாவி போடுற குமிழா மாத்துங்க, உள்ள ஒரு தாழ்ப்பாளும் போடுங்க, மாத்து சாவி உங்ககிட்ட இருந்தா இருக்குன்னு அவகிட்ட சொல்லிடுங்க. துணி எடுக்க, ஜன்னல் சாத்தன்னு அவ இல்லாதப்ப ரூமுக்குள்ள போகாதீங்க. ஹால்ல கேமரா இருந்தா முதல் நாளே காட்டிடுங்க, பாத்ரூம் பக்கமோ அவ ரூம் பக்கமோ திரும்பவே கூடாது. வீட்டு ஆம்பளைங்களுக்கும், வந்து தங்குற சொந்தக்காரங்களுக்கும் இதையெல்லாம் நீங்கதான் முன்கூட்டியே சொல்லி வைக்கணும், அந்தப் பொண்ணு வாயத் தொறந்து சொல்ற நிலைமைக்கு விடாதீங்க.

சமையலுக்கு, ஃபிரிட்ஜ்ல ஒரு தட்டு, அடுப்புக்கு ஒரு நேரம். தாளிக்கிற வாசம் நமக்குப் புதுசா என்ன.

வாடகைய குறைச்சுக்கிறேன், பிள்ளைக்கு டியூஷன் சொல்லிக்குடு, பாத்திரம் கழுவுன்னு பேரம் பேசாதீங்க. ஸ்டூடன்ட் பாஸ்ல வேலை செய்யறதுக்கு கட்டுப்பாடு இருக்கு, அவளோட பாஸுக்கே ஆபத்து வரலாம். பரீட்சை நேரத்துல மறுத்துப் பேச முடியாம தவிக்கிறதும் அவதான்.

ரூம் இல்லாதவங்களும் உதவலாம். ரூம் பாக்கப் போகும்போது கூடப் போங்க, ஏஜென்ட் பதிவு நம்பரையும் போன் நம்பரையும் சிஇஏ பதிவேட்டுல தட்டிப் பாருங்க, எச்டிபி வாடகைப் பணத்த ஏஜென்ட் கைல வாங்கவே கூடாது. நேர்ல பாக்கறதுக்கு முன்னாடி டெபாசிட் கேட்டா ஸ்கேம்னு நெனச்சுக்கோங்க, சந்தேகம்னா 1799க்கு கூப்பிடலாம். ஏற்கனவே இருக்குற வீட்டுல தொந்தரவு நடக்குதுன்னு ஒரு பொண்ணு சொன்னா "அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா"ன்னு மட்டும் சொல்லிடாதீங்க, வன்முறை, பாலியல் தொந்தரவுக்கான உதவி எண் 1800-777-0000, இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பாங்க, அவசரம்னா 999, பேச முடியலன்னா 70999க்கு மெசேஜ்.

குடி வர்ற அன்னிக்கு ரூம ரெண்டு பேரும் சேந்து போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, சுவர், மெத்தை, ஏர்கான் எல்லாம். போகும்போது அத வச்சு பாத்து, டெபாசிட்ட ரெண்டு வாரத்துக்குள்ள பேநவ்ல போட்டுடுங்க, அடுத்த ரூமுக்கு அவ அந்தப் பணத்தத்தான் கட்டணும்.