சட்டைப் பைக்கு ஒரு மடக்குக் கத்தி வாங்குவது எப்படி?

திருநெல்வேலிப் பக்கம் ஒரு பையன் "கத்தி வாங்கப் போறேன்" என்று சொன்னால், "எதுக்குல?" என்று அம்மா கேட்ட பிறகுதான் மற்ற பேச்சு. இரவு வாகனச் சோதனையில் போலீஸ்காரரும் அதையேதான் கேட்பார். அதனால் என் முதல் விதி: எடுத்துக் காட்டினால் யாருக்கும் பயம் வராத கத்தியாக வாங்குங்கள். விலையும் தரமும் அதற்கு அப்புறம்.

முதலில் ஒரு வாரம் கவனியுங்கள். எதையெல்லாம் வெட்டுவதற்குக் கத்தி தேடுகிறீர்கள்? என் கணக்கில் வந்தவை: பார்சல் டேப், உர மூட்டையின் தையல் நூல், சொட்டுநீர்க் குழாய், வாழை இலை, பஸ்ஸில் தின்ன ஒரு மாங்காய். இவை எதற்கும் மூன்று அங்குலத்துக்கு மேல் அலகு தேவையில்லை. நொங்கு சீவவும் இளநீர் வெட்டவும் அரிவாள் இருக்கிறது. மடக்குக் கத்தியால் அதைச் செய்யப் பார்த்தால் கத்தி போகும், அல்லது விரல் போகும்.

அளவு: அலகு இரண்டரை முதல் மூன்று அங்குலம். ஆயுத விதிகளில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள் ஆயுதக் கணக்கில் வரும். வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் செய்யப்பட்டவற்றுக்கு விலக்கு உண்டு. நாம் வாங்குவது அந்த அளவுக்குப் பக்கத்தில்கூட வராது. ஆனாலும் கோர்ட்டுக்குப் போகிற அன்று வீட்டிலேயே வைத்துவிடுங்கள். வாகைக்குளத்தில் விமானம் ஏறுவதானால் கைப்பையில் வேண்டாம், லக்கேஜில் போட்டுவிடுங்கள். பட்டனைத் தட்டினால் பாய்ந்து வெளிவரும் கத்தியை இனாமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அதை வைத்துக்கொண்டு "மாங்காய் வெட்ட சார்" என்றால் யார் நம்புவார்?

அடுத்து, விரித்த அலகு தானாக மடங்காமல் பிடித்து வைக்கும் லாக் வேண்டுமா வேண்டாமா? லாக் இல்லாத கத்தியில் முதுகுப்பக்க ஸ்பிரிங்கின் அழுத்தம் மட்டும்தான் அலகை நிறுத்தி வைக்கும். இழுத்து வெட்டும்வரை பிரச்சினை இல்லை. முனையால் குத்தினால் மடங்கிவிடும். நான் ஒரு முறை பிளாஸ்டிக் குழாயில் துளை போடப் போய், ஆள்காட்டி விரலில் மூன்று தையல் வாங்கினேன். தப்பு கத்தியுடையது இல்லை. குழாய், மூட்டை என்று வேலை செய்கிறவர்கள் லாக் உள்ளதை எடுங்கள். பழம், தபால், டேப் என்றால் லாக் இல்லாததே போதும். பார்க்கவும் சாதுவாக இருக்கும்.

இரும்பு விஷயத்தில் ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு: காந்தம் ஒட்டாததுதான் நல்ல எவர்சில்வர். பாத்திரத்துக்கு எப்படியோ, கத்திக்கு அது தலைகீழ். கூர் நிற்கும்படி சூடேற்றிக் கடினமாக்கக்கூடிய ஸ்டெயின்லெஸ் வகைகளில் காந்தம் ஒட்டும். சமையல் பாத்திரத்து 304 வகையில் கத்தி செய்தால் இரண்டே நாளில் மழுங்கும். அட்டையில் இரும்பின் வகை 3சிஆர்13 (3Cr13), 8சிஆர்13எம்ஓவி (8Cr13MoV) என்று போட்டிருந்தால் முதல் எண்ணைப் பாருங்கள். 3 என்றால் கரிமம் சுமார் 0.3 சதவீதம், 8 என்றால் சுமார் 0.8. கரிமம் கூடினால் கூர் அதிக நாள் நிற்கும். வெறும் 'ஸ்டெயின்லெஸ்' என்று மட்டும் அச்சிட்டிருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். கார்பன் இரும்பு அருமையாகக் கூர் ஏறும், ஆனால் மாங்காய்ப் புளிப்பு பட்டால் கறுக்கும். உவரி மாதிரிக் கடலோரத்தில் இருப்பவர்களுக்கு அது தினசரித் தலைவலி.

இனி கடை. இணையத்தில் மலிவாகக் கிடைக்கும், சரி. ஆனால் முதல் கத்தியைக் கையில் பிடித்துப் பார்த்து வாங்குவதே நல்லது. "அண்ணாச்சி, விரிச்சுப் பாக்கலாமா?" என்று கேளுங்கள். மடக்கிய நிலையில் அலகு நடுவில் நிற்கிறதா, ஒரு பக்கத் தகட்டில் உரசுகிறதா என்று பாருங்கள். விரித்து, அலகின் முதுகைப் பிடித்து இடவலமாக ஆட்டுங்கள். கடகடவென்று ஆடினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். லாக் இருந்தால், மடங்கினாலும் விரல் சிக்காதபடி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, அலகின் முதுகை மேசை விளிம்பில் மெதுவாக அழுத்துங்கள். லாக் நழுவக் கூடாது. கடைசியாக நகம் வைத்து இழுக்கும் பள்ளம். அதில் நகம் உடைகிற அளவுக்கு ஸ்பிரிங் இறுக்கமாக இருந்தால் நீங்கள் அதைத் தொடவே மாட்டீர்கள்.

விலைக்கு என் வரம்பு 500 முதல் 1,000 ரூபாய். முதல் கத்தியை எப்படியும் எங்காவது தொலைப்பீர்கள். கரண்டி, கத்தரிக்கோல், திருப்புளி எல்லாம் சேர்ந்த பத்துக் கருவிக் கத்தி மலிவாகக் கிடைத்தால் ஆசைப்படாதீர்கள். அந்தக் காசில் பத்தும் அரைகுறையாகத்தான் இருக்கும்.

மழுங்கிய பிறகு தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுக்க வேண்டாம். சக்கரத்தின் சூட்டில் மெல்லிய அலகு நீலம் பூத்தால் அந்த இடத்தில் கடினம் போய்விடும். 1000 நம்பர் சாணைக்கல் ஒன்று வாங்கி, நனைத்து, நீங்களே தீட்டுங்கள். எந்தக் கோணம் என்று குழம்பினால் ஒரு தாளின் மூலையைப் பாதியாக மடியுங்கள், அதை இன்னொரு முறை பாதியாக மடியுங்கள். வரும் கோணம் 22 பாகைக்குச் சற்றே மேல். அதைக் கல்லின்மேல் நிறுத்தி, அந்தச் சாய்வில் அலகை வைத்துப் பழகலாம். தீட்டி முடித்ததும் துடைத்துவிட்டு, மடங்கும் மூட்டில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள்.