செமிபலாட்டின்ஸ்க் மண்ணின் கதிரியக்கத்தை அளப்பது: தவறு கருவியில் அல்ல, குழியில்

கஜகஸ்தானின் செமிபலாட்டின்ஸ்க் களத்தில் 1949 முதல் 1989 வரை 456 அணுகுண்டுச் சோதனைகள் நடந்தன. தரைமட்ட வெடிப்புகள் நடந்த பகுதியில் கதிரியக்கம் மண்ணில் சீராகக் கலந்திருக்காது. வெடிப்பில் உருகிக் கண்ணாடியாகிப்போன மணிகளுக்குள் அடைந்து கிடக்கும். ஒரு பிடி மண்ணில் அப்படி ஒரு மணி அகப்பட்டால் அளவு எகிறும். பக்கத்துப் பிடியில் ஒன்றுமே இராது.

அதனால் ஒற்றைக் குழியை நம்பக் கூடாது. உழாத, நீர் அரிக்காத சமதளத்தில் 10 மீட்டர் சதுரம் வகுத்து, நான்கு மூலையிலும் நடுவிலும் எடுங்கள். 10 செ.மீ. பக்கமுள்ள இரும்புச் சட்டத்தை அழுத்தி 0–5, 5–10, 10–20 செ.மீ. எனத் தனித்தனி அடுக்காக. அடுத்த அடுக்குக்கு இறங்குமுன் குழியின் ஓரத்தை அகலமாக வெட்டிவிடுங்கள். மேல்மண் சரிந்து விழுந்தால், வெடிப்பில் உண்டான கதிரியக்கச் சீசியம் ஆழத்துக்கு இறங்கியதுபோலப் பொய்க்கணக்கு வரும். காற்று வீசும் நாளில் இறங்கவே வேண்டாம். புளுட்டோனியத் தூசி நுரையீரலுக்குள் போவதுதான் அங்கே பெரிய ஆபத்து. சட்டைப்பையில் வைக்கும் டோசிமீட்டர் (கதிர்வீச்சு அளவுமானி) அதைக் காட்டாது. கையுறையும் நுண்தூசியை வடிகட்டும் எஃப்எஃப்பி3 முகமூடியும் கட்டாயம்.

ஆய்வகத்தில் எடை மாறாத வரை 105 டிகிரியில் உலர்த்தி, 2 மி.மீ. சல்லடையில் சலியுங்கள். மேலே நிற்பதைக் கொட்டிவிடுவது பலர் செய்யும் பிழை. கண்ணாடி மணி அதில்தான் இருக்கும். எடைபோட்டுத் தனியே அளவிடுங்கள்.

காமா கதிரை அளக்க ஜெர்மானியம் டிடெக்டர் (உணர்கருவி) வேண்டும். சோடியம் அயோடைடு டிடெக்டர் மலிவுதான். ஆனால் சீசியம்-137-இன் 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காமா கோட்டை, மண்ணில் இயற்கையாகவே உள்ள பிஸ்மத்-214-இன் 609 கோட்டோடு குழப்பும். புளுட்டோனியத்துக்குத் தடயம், அதன் சிதைவில் உண்டாகும் அமெரிசியம்-241. அதன் 59.5 கோட்டை மண்ணே விழுங்குமாதலால், அதே அடர்த்தியும் உயரமும் உள்ள தரமாதிரியால் (கதிரியக்க அளவு முன்பே தெரிந்த மாதிரி) அளவுதிருத்தம் செய்யாவிட்டால் குறைத்தே காட்டும். அமெரிசியம் தென்பட்ட மாதிரியை வேதிப்பிரிப்புக்கு அனுப்புங்கள். வெறும் நைட்ரிக் அமிலம் கண்ணாடி மணியைக் கரைக்காது. ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் வேண்டும், இல்லையேல் உருக்கிக் கரைக்க வேண்டும். ஒரு கிராம் போதாது, 10 கிராமாவது எடுங்கள். ஸ்ட்ரான்சியம்-90 காமா தராது. பிரித்தபின், அது சிதைந்து உண்டாகும் இட்ரியம்-90 வளர இரண்டு வாரம் காத்திருந்து பீட்டாவை எண்ண வேண்டும்.

சீசியமும் புளுட்டோனியமும் பல நாட்டுக் குண்டுச் சோதனைகளால் உலகெங்கும் படிந்தவை. கிடைத்த புளுட்டோனியம் இந்தக் களத்துச் சரக்கா என்பதைப் புளுட்டோனியம் 240/239 அணு விகிதம் சொல்லும்: உலகப் படிவு சுமார் 0.18, குண்டு செய்யும் தரத்துப் புளுட்டோனியம் 0.05 அளவில்.