நிலநடுக்கம் வந்த நாட்டுக்கு சபையோட நிவாரண ட்ரிப் போறீங்களா? பெட்டி கட்டுறதுக்கு முன்னாடி இத படிங்க

நியூஸ்ல ஊரே இடிஞ்சு கெடக்குறத பார்த்து மனசு தாங்காம, ஆராதனை முடிஞ்ச கையோட பாஸ்டர்கிட்ட போய் நானும் வர்றேன்னு பேர் குடுத்துருப்பீங்க. நானும் அப்படித்தான் குடுத்தேன். நான் போனது நேபாளம், சிந்துபால்சோக் மாவட்டம், 2015 நவம்பர்ல, அதாவது நிலநடுக்கம் வந்து ஏழு மாசம் கழிச்சு. இவ்ளோ லேட்டா போய் என்ன பண்ணப்போறீங்கன்னு நெறைய பேர் கேட்டாங்க. அதுலேருந்தே ஆரம்பிக்கிறேன், ஏன்னா முக்கால்வாசி பேர் சறுக்குறது இந்த எடத்துலதான்.

மொத வாரத்துல போகாதீங்க. இடிபாட்டுக்குள்ள உயிரோட இருக்குறவங்கள பெரும்பாலும் வெளிய எடுக்குறது பக்கத்து வீட்டுக்காரங்கதான், அதுவும் மொத ஒரு நாள்ல, அதுக்கப்புறம் ட்ரெயினிங் எடுத்த மீட்புக் குழுவும் டாக்டருங்களும். நீங்களும் நானும் அந்த லிஸ்ட்ல இல்ல. காத்மாண்டு ஏர்போர்ட்ல ரன்வே ஒண்ணே ஒண்ணுதான், நிலநடுக்கம் வந்த ஏப்ரல் 25க்கு அப்புறம் வந்து எறங்குன விமானங்களோட பாரம் தாங்காம அதுல சேதம் ஆகி, பெரிய விமானம் எறங்கக்கூடாதுன்னு நிறுத்தி வைக்க வேண்டியதாச்சு. அந்த நேரத்துல நீங்க ஒக்காந்து போற ஒரு சீட்டு, குடிக்குற தண்ணி, படுக்குற எடம் எல்லாமே அங்க இருக்குற ஒருத்தருக்கு போயிருக்க வேண்டியது. நிவாரண வேலைல உலகம் முழுக்க ஒத்துக்கிட்ட அளவு ஒண்ணு இருக்கு, ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு கொறைஞ்சது 15 லிட்டர் தண்ணி, 20 பேருக்கு ஒரு கக்கூஸ். பத்து பேர் டீம்னா தெனம் 150 லிட்டர், அத யாரு தர்றதுன்னு கணக்கு போட்டுட்டு தேதி குறிங்க.

ரெண்டாவது காரணம் பின்னதிர்வு. நேபாளத்துல மொத அடி 7.8 அளவு, பதினேழு நாள் கழிச்சு மே 12ல திரும்ப 7.3, அதுல இன்னும் 200 பேருக்கு மேல செத்தாங்க. துருக்கியில 2023 பிப்ரவரி 6ல விடியக்காலைல 7.8, அதே நாள் மத்தியானம் 7.5. மொத அடியில விரிசல் விட்டு நின்ன கட்டடம் ரெண்டாவது அடியில விழும்.

அப்போ எப்பதான் போறது? அங்க இருக்குற சபை கூப்பிடும்போது. டிவி வண்டியெல்லாம் கெளம்பி போனதுக்கு அப்புறம், ரெண்டு மாசம் மூணு மாசம் ஆனதும்தான் அங்க ஆள் பத்தாம திண்டாடுறாங்க, கல்லு அள்ளணும், தகர ஷீட் தூக்கிட்டு போகணும், குளிர் வர்றதுக்குள்ள கொட்டகை போடணும். உள்ளூர் சபை ஊழியர்கிட்ட டீம் லீடர் நேரா பேசி, எங்களுக்கு இன்ன வேலைக்கு இத்தனை பேர் வேணும்னு அவங்க வாயால கேட்டுருக்காங்களான்னு பாருங்க. நாங்க ஒரு டீம் அனுப்புறோம் உங்களுக்கு ஓகேவான்னு கேட்டா அவங்க மரியாதைக்கு சரின்னுதான் சொல்லுவாங்க, வீடு இடிஞ்சு கெடந்தாலும் விருந்தாளிய வராதீங்கன்னு யாருக்கு சொல்ல வரும்? அதனால கேள்விய மாத்தி கேளுங்க: நாங்க வர்ற செலவ பணமா அனுப்புனா அத வச்சு என்ன பண்ணுவீங்க? உள்ளூர் ஆளுங்களுக்கு கூலி குடுத்து அதே வேலைய முடிச்சுருவோம்னு பதில் வந்தா, தயவுசெஞ்சு பணத்த அனுப்பிருங்க. இது மனசுக்கு கஷ்டமாத்தான் இருக்கும். ஆனா வேலைவெட்டி எல்லாம் போய் நிக்குற ஒருத்தருக்கு பத்து நாள் கூலிங்கிறது நம்ம பத்து நாள் உழைப்ப விட பெருசு.

நேபாளத்துல சபை கூடுறது சனிக்கிழமை, அங்க வார லீவு அன்னிக்குதான். நிலநடுக்கம் வந்ததும் சனிக்கிழமை காலைல 11:56க்கு. ஸ்கூல் லீவுங்கறதால எத்தனையோ பிள்ளைங்க தப்பிச்சுதுங்க, ஆனா ஆராதனைல கூடியிருந்தவங்க மேல சில எடத்துல சபைக் கட்டடமே விழுந்துருச்சு. நமக்கு எடம் குடுத்து சோறு போடுற அந்த ஊழியரும் தன் சபை ஜனத்த அடக்கம் பண்ணிட்டுத்தான் நிக்கிறாருங்கிறத மனசுல வச்சுக்கிட்டு போங்க.

பேப்பர் வேலை. டூரிஸ்ட் விசால போய் வாலண்டியர் வேலை பண்ணலாமான்னு அந்த நாட்டு தூதரகத்துல கேட்டுருங்க, நெறைய நாட்டுல கூடாது. இன்சூரன்ஸ் எடுக்கும்போது பேரிடர் நடந்த எடத்துக்கு போனா செல்லுமா, ஹெலிகாப்டர்ல தூக்கிட்டு வர்ற செலவு அதுல அடங்குமான்னு எழுத்துல வாங்கிக்கோங்க. டெட்டனஸ் ஊசி கடைசியா எப்ப போட்டீங்கன்னு பாருங்க, துருப்பிடிச்ச கம்பி ஆணிக்கு நடுவுலதான் வேலையே. ஹெபடைடிஸ் ஏ, டைஃபாய்டு ஊசியெல்லாம் கெளம்புறதுக்கு ரெண்டு வாரமாச்சும் முன்னாடி போட்டாத்தான் நல்லா வேலை செய்யும். சுகர், பிரஷர் மாத்திர சாப்பிடுறவங்க ரெண்டு மடங்கு நாளைக்கு எடுத்துட்டு டாக்டர் சீட்டோட கைப்பையில வைங்க, பெட்டியில போடாதீங்க. ட்ரோன், சாட்டிலைட் போன் வச்சுருந்தா வீட்டுலயே விட்டுருங்க, அனுமதி இல்லாம கொண்டு போனா மாட்டுற நாடுங்க இருக்கு.

பிள்ளைங்க விஷயம் ஒண்ணு இருக்கு, இத மட்டும் அழுத்தி சொல்றேன். ஹைட்டி நாட்டுல 2010 ஜனவரி 12ல நிலநடுக்கம், அந்த மாசக் கடைசியிலேயே ஒரு அமெரிக்க சபைக் குழு 33 பிள்ளைங்கள பஸ்ல ஏத்தி பக்கத்து நாட்டுக்கு கூட்டிட்டு போகும்போது எல்லையில பிடிபட்டாங்க, அந்தக் குழுவுல இருந்த பத்து பேரும் ஜெயிலுக்கு போனாங்க. அநாதைப் பிள்ளைங்கன்னு நெனச்சோம்னு சொன்னாங்க, ஆனா விசாரிச்சா பெரும்பாலான பிள்ளைங்களுக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோட இருந்தாங்க. தனியா நிக்குற பிள்ளைய பார்த்தா நம்ம மனசு அள்ளிட்டு வரத்தான் சொல்லும், ஆனா அந்தப் பிள்ளைய தேடிட்டு எங்கயோ ஒரு அம்மா அலைஞ்சுட்டு இருப்பாங்க. உள்ளூர் அதிகாரிகிட்டயோ, பிள்ளைங்கள குடும்பத்தோட சேத்து வைக்குற செஞ்சிலுவை, யுனிசெஃப் மாதிரி அமைப்புகிட்டயோ சொல்லுங்க. நீங்களா எங்கயும் கூட்டிட்டு போகாதீங்க, ஒரு பிள்ளையோட தனியா இருக்கவும் கூடாதுன்னு டீமுக்கு கட்டாய ரூல் போடுங்க.

பெட்டியில மொத எடம் பூட்ஸுக்கு, அடிப்பக்கம் ஆணி ஏறாத கெட்டி பூட்ஸ், அத கெளம்புறதுக்கு முன்னாடியே ரெண்டு வாரம் போட்டு நடந்து பழகிருங்க. தோல் வச்ச கிளவுஸ் ரெண்டு ஜோடி. N95 மாஸ்க் நெறைய, ஏன்னா இடிஞ்ச கட்டடத்து தூசியில சிமெண்ட், கண்ணாடி எல்லாம் இருக்கும், துணி மாஸ்க் அதுக்கு பிரயோஜனமே இல்ல. பழைய கட்டடம்னா ஆஸ்பெஸ்டாஸ் கூட இருக்கும், அதுக்கு N95ஏ பத்தாது, அந்தப் பக்கம் போகாதீங்க. ஹெல்மெட், கண்ணாடி, நெத்தியில கட்டுற டார்ச், கழுத்துல ஒரு விசில் (மாட்டிக்கிட்டா கத்தி கத்தி தொண்டை போயிரும், விசில் ரொம்ப நேரம் ஊதலாம்), பவர் பேங்க், ஓஆர்எஸ் பாக்கெட், தண்ணி சுத்தம் பண்ற மாத்திர. பழைய துணி மூட்டை மட்டும் கொண்டு போகாதீங்க, பிரிக்கவே அங்க பத்து பேர் வேணும், கடைசியில ரோட்டோரமா மழையில நனைஞ்சு கெடக்கும். குழந்தைக்குன்னு பால் பவுடரும் வேணாம், சுத்தமான தண்ணி இல்லாத எடத்துல அத கரைச்சு குடுத்தா வயித்தால போயி பிள்ளைக்கே ஆபத்து. அவங்க கேக்குறது தகர ஷீட்டா கம்பளியான்னு தெரிஞ்சுக்கிட்டு அங்கயே பக்கத்து டவுன்ல வாங்குங்க, அங்க கடை வச்சுருக்குறவரும் அடி வாங்குனவர்தானே.

நாங்க போன சமயத்துல எல்லையில சரக்கு லாரி வராம நேபாளம் முழுக்க பெட்ரோல், டீசல், கேஸ் தட்டுப்பாடு, செப்டம்பர் கடைசியில ஆரம்பிச்சு பிப்ரவரி வரைக்கும் இழுத்துச்சு. ஜீப்புக்கு டீசல் தேடியே எங்களுக்கு ஒண்ணரை நாள் போச்சு. அப்புறம்தான் தோணுச்சு, இந்த டீசல்ல ஒரு வண்டி தகர ஷீட் மலைக்கு மேல போயிருக்குமேன்னு. பதினாலு பேர் போயிருந்தோம், ஆறு பேர் போதும். அதனால டீம சின்னதா வைங்க, ஒரே ஜீப்ல அடங்குற மாதிரி. அதுல ஒருத்தராச்சும் நர்ஸோ, தச்சு வேலை, கட்டட வேலை தெரிஞ்சவரோ இருந்தா நல்லது.

தங்குற எடம் டெண்ட்தான் நல்லது. கட்டடத்துல படுக்க சொன்னா, இன்ஜினியர் பார்த்துட்டாரான்னு கேளுங்க, நேபாளத்துல பச்ச, மஞ்ச, செவப்புன்னு ஸ்டிக்கர் ஒட்டி வச்சுருந்தாங்க, பச்சைக்கு மட்டும்தான் உள்ள போகணும். டெண்ட்டையும் சரிவுக்கு கீழ போடாதீங்க, நிலநடுக்கத்துல எளகுன மலை மழை பெய்ஞ்சா அப்படியே எறங்கும். கக்கூஸ் விஷயத்துல கூச்சப்படாம மொத நாளே பேசிருங்க. ஹைட்டில 2010 அக்டோபர்ல காலரா வந்துச்சு, அந்த ஊர்ல எத்தனையோ வருஷமா இல்லாத நோய், ஐநா அமைதிப்படை முகாம் ஒண்ணோட கழிவு ஆத்துல கலந்துதான் வந்துச்சு, ஆயிரக்கணக்கா ஜனம் செத்துப்போனாங்க. உதவி பண்ண வந்தவங்களே நோயையும் கொண்டு வந்துரலாம். கை கழுவுறது, குழி தோண்டி மூடுறது, வயித்தால போனா அன்னிக்கு சமையல் பக்கமே போகாம ஒதுங்கி இருக்குறது, இதெல்லாம் அவங்களுக்காகவும்தான்.

இனி வேலை. வீட்டுக்காரங்க நிக்காம அந்த வீட்டு இடிபாட்ட தொடாதீங்க. நமக்கு குப்பையா தெரியுறது அவங்களுக்கு திரும்ப கட்டுற சாமான், நல்ல கல்லு தனி, மரச்சட்டம் தனி, தகரம் தனின்னு அடுக்கணும். வரிசையா நின்னு கைமாத்தி கைமாத்தி கல்ல கடத்துங்க, தனியாளா தூக்குனா ரெண்டாவது நாளே இடுப்பு போயிரும். பாதி நிக்குற செவுத்து பக்கம் போகாதீங்க, அத எறக்குறது தெரிஞ்சவங்க வேலை. அடியிலேருந்து போட்டோ, பேப்பர், நகை எது வந்தாலும் கைய நிறுத்திட்டு வீட்டுக்காரங்க கையில குடுங்க. ஒரு பாட்டியம்மா வீட்டுல நசுங்குன பித்தள செம்பு ஒண்ணு கெடச்சுச்சு, அத நான் தகரக் குவியல்ல போட்டுட்டேன், அவங்க எதுவும் சொல்லாம போய் எடுத்து முந்தானையில தொடச்சு மடியில வச்சுக்கிட்டு சாயங்காலம் வரைக்கும் ஒக்காந்திருந்தாங்க. யாரோடதுன்னு நான் கேக்கல, கேட்டுருக்கணும்.

கட்டும்போது உள்ளூர் கொத்தனார் சொல்றதுதான் சட்டம். மண்ணு வச்சு அடுக்குன கல்லு வீடுங்கதான் அங்க அதிகமா விழுந்துச்சு, அதனால திரும்ப கட்டும்போது ஜன்னலுக்கு கீழயும் மேலயும் செவுத்த சுத்தி கான்கிரீட்லயோ மரத்துலயோ பட்டை போடணும், ரெண்டு பக்க செவுத்தையும் இணைக்குற நீளக்கல்லு வைக்கணும். பின்னாடி அரசாங்கம் தவணையா பணம் குடுத்தப்போ இன்ஜினியர் வந்து பார்த்து சரின்னு சொன்னாத்தான் அடுத்த தவணை. நாம நம்ம யோசனைக்கு ஒரு வீட்ட கட்டிட்டு வந்துட்டா அந்தக் குடும்பத்துக்கு அந்தப் பணம் போயிரும். கல்லு எடுத்துக் குடுங்க, கலவை போடுங்க, தண்ணி தூக்குங்க.

ஜனங்ககிட்ட பேசுறது எல்லாத்த விடவும் கஷ்டம். பாஷை தெரியாட்டியும் பத்து வார்த்தை கத்துட்டு போங்க, நேபாளியில பானின்னா தண்ணி, பிஸ்தாரைன்னா மெதுவா, விசுவாசிங்க ஒருத்தருக்கொருத்தர் ஜெய்மசீன்னு வாழ்த்துவாங்க. என்ன நடந்துச்சு சொல்லுங்கன்னு கிண்டாதீங்க. அவங்களா சொன்னா கேளுங்க, அழுதா கூட ஒக்காருங்க. எல்லாம் தேவ சித்தம், கர்த்தர் உங்கள ஒரு நோக்கத்தோட காப்பாத்தியிருக்காருன்னு பிள்ளைய பறிகுடுத்த அம்மாகிட்ட சொல்லாதீங்க, செத்தவங்கள காப்பாத்த நோக்கம் இல்லையான்னு அவங்க மனசு கேக்கும். தூங்காம சாப்பிடாம இருக்குறவங்கள கண்டா கூட்டிட்டு போக வேண்டிய எடம் எதுன்னு உள்ளூர் ஊழியர்கிட்ட முன்னாடியே கேட்டு வச்சுக்கோங்க.

சுவிசேஷம் சொல்லலாமான்னு டீம்ல கண்டிப்பா பேச்சு வரும். செஞ்சிலுவையும் கரித்தாஸ், லூத்தரன் வேர்ல்ட் ஃபெடரேஷன், உலகத் திருச்சபைகள் மன்றம் மாதிரி சபை அமைப்புகளும் சேர்ந்து 1994ல ஒரு நடத்தை விதி எழுதுனாங்க, உதவிய வச்சு மதத்தையோ அரசியலையோ பரப்பக்கூடாதுன்னு அதுல இருக்கு. நான் முழு மனசோட அதுக்கு ஒத்துக்குறேன். ஒரு கையில அரிசி, இன்னொரு கையில சுவிசேஷ நோட்டீஸுன்னு நீட்டுனா பசியில இருக்குறவங்க வேணாம்னு சொல்ல முடியாது. நேபாளத்துல மதம் மாத்துறத 2015 அரசியல் சட்டமே தடை பண்ணுது, நாம எதாச்சும் செஞ்சுட்டு விமானம் ஏறிருவோம், போலீஸ் வந்து நிக்குறது உள்ளூர் ஊழியர் வீட்டு வாசல்ல. ஜெபம் பண்ண சொல்லி அவங்களா கேட்டா பண்ணுங்க. ஷீட் குடுக்கும்போது யாரு விசுவாசின்னு பாக்காம லிஸ்ட்படி குடுங்க, அந்த லிஸ்ட்டயும் ஊர்க்காரங்களே போடட்டும்.

போட்டோ எடுக்குறதுக்கு முன்னாடி கேளுங்க. கேக்க முடியாத நெலமையில இருக்குறவங்கள எடுக்காதீங்க. சபையில காட்ட வேணும்னா கட்டுன கொட்டகைய எடுங்க, கொத்தனார் அண்ணன் சிரிச்சா அவரையும் எடுங்க.

திரும்பி வந்ததும் ரெண்டு மூணு வாரத்துக்குள்ள காய்ச்சலோ வயித்துப்போக்கோ வந்தா எந்த நாட்டுக்கு போயிட்டு வந்தீங்கன்னு டாக்டர்கிட்ட மொத வார்த்தையா சொல்லுங்க. தூக்கம் வராது, லாரி போனா கூட தரை ஆடுற மாதிரி இருக்கும், ஒரு மாசம் தாண்டியும் விடலன்னா மனநல டாக்டர பாருங்க, ஜெபத்தோட சேத்து. காணிக்கை குடுத்தவங்களுக்கு டிக்கெட்டுக்கு எவ்ளோ, தகரத்துக்கு எவ்ளோன்னு பிரிச்சு கணக்கு காட்டுங்க. அப்புறம் அந்த ஊழியரோட நம்பர அழிக்காம வச்சுருங்க, மழைக்காலம் ஆரம்பிக்கும்போது ஒரு போன், குளிர்காலத்துக்கு முன்னாடி ஒரு போன், தகரம் ஒழுகுதா கம்பளி இருக்கான்னு கேளுங்க, கேட்டுட்டு அவர் சொல்றத அனுப்புங்க.