தாமதமான விமானத்துக்காகக் காத்திருப்போரை மகிழ்விப்பது எப்படி: திருகோணமலையிலிருந்து விமானச் சேவைக்குச் செல்லும் இளைஞர்களுக்கு ஒரு வழிகாட்டி

திருகோணமலையிலிருந்து வெளிநாடு செல்லும் ஒருவருடைய பயணம் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வெகு முன்னரே தொடங்கிவிடுகிறது. முன்னிரவில் வான் வண்டியில் ஏறி, ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாக ஐந்தாறு மணி நேரம் அரைத்தூக்கத்தில் வந்து, வழியனுப்ப வந்தவர்களை வாசலிலேயே விட்டுப் பிரிந்து, பயணப்பொதிக்கும் கடவுச்சீட்டுக்கும் சோதனைக்கும் என வரிசை வரிசையாக நின்ற பின்னரே அவர் புறப்படும் வாயிலில் வந்து அமர்கிறார். யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னைக்குப் பறக்கும் எங்களூர்க்காரரும் நாலைந்து மணி நேரம் தெருவில் கழித்தே அங்கு வந்து சேர்கிறார். இப்படிக் களைத்து வந்தவரிடம் விமானம் மூன்று மணி நேரம் தாமதம் என்று சொல்ல வேண்டிய கடமை உங்களுடையது. அந்த மூன்று மணி நேரத்தை அவருக்குச் சற்று இலகுவாக்குவதற்கு நீங்கள் என்ன செய்யலாம் என்பதையே இங்கே எழுதுகிறேன். தரைப்பணியாளராக வேலை செய்பவர்களையும் அந்த வேலைக்குப் பயிற்சி பெறுபவர்களையும் மனத்தில் வைத்தே பெரும்பாலும் எழுதுகிறேன். விமானத்துக்குள் பணிபுரிபவர்களுக்கென்று பின்னால் ஒரு பகுதி உண்டு.

விளையாட்டுக்கு முன்னர் செய்ய வேண்டியவை

தகவலும் தண்ணீரும் கிடைக்காத கூட்டத்தின் முன் போய் விளையாட அழைப்பது அவர்களை அவமதிப்பதாகும். ஆகவே முதலில் உண்மையைச் சொல்லுங்கள். வரவேண்டிய விமானம் இன்னும் வந்து சேரவில்லையா, இயந்திரக் கோளாறா, வானிலையா, அல்லது பணிக்குழுவினர் சட்டம் அனுமதிக்கும் வேலை நேரத்தைக் கடந்துவிட்டதால் மாற்றுக் குழு வரவேண்டியிருக்கிறதா என்பதை, உங்களுக்குத் தெரிந்த அளவில் எளிய சொற்களில் விளக்குங்கள். களைத்த விமானி விமானத்தை ஓட்டக்கூடாது என்பதற்காகவே அந்த நேர வரம்பு இருக்கிறது என்று சொன்னால், கோபமாக இருந்தவர்களிலும் பலர் அதை ஏற்றுக்கொள்வார்கள். ‘இன்னும் சற்று நேரத்தில்’ என்ற சொற்றொடரை அறவே விட்டுவிடுங்கள். ‘அடுத்த அறிவிப்பைச் சரியாக 4.30க்குத் தருவேன்’ என்று சொல்லி, சொல்வதற்குப் புதிதாக எதுவும் இல்லாவிட்டாலும் 4.30க்கு ஒலிவாங்கியைக் கையில் எடுங்கள். சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் ஒரே அளவு தகவல் செல்ல வேண்டும். ஆங்கிலத்தில் காரணத்தைச் சொல்லிவிட்டுத் தமிழில் நேரத்தை மட்டும் சொல்லும் பழக்கம், தமிழ் மட்டும் தெரிந்த ஒரு தாயை இருட்டில் விட்டுவிடுகிறது.

அடுத்தது உணவு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 இலக்க ஒழுங்குவிதி, பயணத் தூரத்தைப் பொறுத்து 2, 3 அல்லது 4 மணி நேரத் தாமதத்தின் பின் உணவும் குடிபானமும் வழங்க வேண்டும் என்கிறது. இரண்டு இலவசத் தொலைபேசி அழைப்புகளுக்கும் அங்கே உரிமை உண்டு. உங்கள் நிறுவனத்துக்கு எந்த நாட்டின் விதி பொருந்தும், அதன் கைந்நூல் எத்தனை மணி நேரத்தில் எதைத் தரச் சொல்கிறது என்பதை வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே படித்து வைத்திருங்கள். உணவுப் பொதி வரும்போது மரக்கறி எது, ஹலால் எது என்று கேட்காமலே சொல்லிக் கொடுங்கள். வெள்ளிக்கிழமையில் எங்கள் வீடுகள் பலவற்றில் மீனோ இறைச்சியோ சமைப்பதில்லை என்பதையும், நோன்பு காலத்தில் மாலையானதும் பேரீச்சம்பழமும் தண்ணீரும் தயாராக இருக்க வேண்டும் என்பதையும் ஒரு திருகோணமலைக்காரருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்த அறிவை உங்கள் குழுவில் உள்ள மற்றவர்களுக்கும் கொடுங்கள். தொழுகைக்கு இடம் எங்கே, நீரிழிவு உள்ளவர் மருந்தோடு உண்ண என்ன கிடைக்கும் என்பவற்றையும் முன்கூட்டியே அறிந்திருங்கள்.

மூன்றாவதாக, கூட்டத்துக்குள் ஒருமுறை நடந்து செல்லுங்கள். மூதூரிலிருந்தோ கிண்ணியாவிலிருந்தோ முதன்முறையாக வளைகுடா நாட்டுக்கு வேலைக்குப் போகும் ஒரு பெண் அங்கே தனியாக அமர்ந்திருக்கக்கூடும். மறுகரையில் தன்னை ஏற்றிச் செல்ல வரும் முகவர் காத்திராமல் போய்விடுவாரோ என்பதே அவருடைய கவலை. அவருக்குப் பாட்டைவிட ஒரு தொலைபேசி அழைப்புத்தான் தேவை. ‘அம்மா, உங்களைக் கூட்டிப் போக வருபவருக்குத் தகவல் சொல்லிவிட்டீர்களா?’ என்று கேட்டு, அந்த அழைப்பை எடுத்துக் கொடுத்து, அவரைப் போன்ற இன்னொரு பயணியின் பக்கத்தில் அமரச் செய்யுங்கள். தொடர் விமானத்தைத் தவறவிடப் போகிறவர்களையும், மரணச் சடங்குக்குப் போகிறவர்களையும் இந்த நடையிலேயே கண்டுகொள்ளலாம். அவர்களுடைய அலுவலைத் தனியே கவனிக்க ஒருவரை ஒதுக்கிய பின்னரே மற்றவர்களை விளையாட அழைக்க வேண்டும்.

எதை வைத்து மகிழ்விப்பது

உலகம் பேசிக்கொண்ட மூன்று நிகழ்வுகளைச் சொல்கிறேன். 2014 ஜூலையில், வொஷிங்டனிலிருந்து டென்வர் செல்லவிருந்த ஃபுரொண்டியர் நிறுவன விமானம் மோசமான வானிலையால் ஷையன் நகரில் இறக்கப்பட்டபோது, அதன் தலைமை விமானி தம் சொந்தச் செலவில் பயணிகள் எல்லோருக்கும் பீட்சா வரவழைத்துக் கொடுத்தார். இன்னொரு முறை, அமெரிக்காவில் ஒரு விமானம் நீண்ட நேரம் தாமதமானபோது, சவுத்வெஸ்ட் நிறுவனத்தின் வாயில் பணியாளர் ஒருவர் கடதாசி விமானப் போட்டியும், சாரதி அனுமதிப்பத்திரத்தில் மிக மோசமாக வந்த படம் யாருடையது என்ற போட்டியும் நடத்தினார். 2013இல், பீஜிங்கிலிருந்து மக்காவு செல்லவிருந்த விமானம் ஓடுதளத்தருகே மணிக்கணக்கில் நின்றபோது, உள்ளே இருந்த பிலடெல்பியா இசைக்குழுவினர் நால்வர் தங்கள் வாத்தியங்களை எடுத்து ஆசனங்களுக்கிடையே நின்று வாசித்தார்கள்.

இம்மூன்றில் எங்கள் சூழலுக்கு மிக நெருங்கியது மூன்றாவது. கலைஞர்கள் பயணிகளுக்குள்ளேயே இருக்கிறார்கள். அவர்களைக் கண்டுபிடிப்பதே பணியாளரின் வேலை. ஒலிபெருக்கியில் ‘யார் பாடுவீர்கள்?’ என்று கேட்டால் யாரும் எழமாட்டார்கள். நீங்கள் நடந்து திரியும்போது, மிருதங்கப் பொதி வைத்திருப்பவரிடமும், பிள்ளைக்கு மெதுவாகப் பாடிக்கொண்டிருக்கும் அம்மம்மாவிடமும் அருகில் குனிந்து கேளுங்கள். அவர் மறுத்தால் இரண்டாம் முறை கேட்க வேண்டாம்.

சாரதி அனுமதிப்பத்திரப் போட்டியை மட்டும் இங்கே நடத்தவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. அடையாள ஆவணத்தை அந்நியருக்குக் காட்டினால் அதிலுள்ள இலக்கங்கள் வெளியே போகும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், எங்கள் மக்கள் பல ஆண்டுகள் சோதனைச்சாவடிகளில் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நின்றவர்கள் என்பது. சீருடை அணிந்த ஒருவர் விளையாட்டாகக்கூட ‘அட்டையைக் காட்டுங்கள்’ என்று கேட்பதில் அவர்களுக்கு மகிழ்ச்சி எதுவும் இராது.

தமிழ்ப் பயணிகள் நிறைந்த வாயிலில் ஒருபோதும் பிழைக்காத விளையாட்டு பாட்டுக்குப் பாட்டு. இலங்கை வானொலியில் பி. எச். அப்துல் ஹமீது அதை நடத்திய காலத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள் பெயரைச் சொன்னவுடனேயே நிமிர்ந்து உட்காருவார்கள். வாயிலின் நடுவே உள்ள ஒரு தூணை எல்லையாக வைத்து, அமர்ந்திருக்கும் இடத்திலேயே ஆட்களை இரு அணியாகப் பிரியுங்கள். யாரையும் எழுப்பி நகர்த்த வேண்டாம். ஓர் அணி இரண்டு வரி பாடி நிறுத்தும் எழுத்தில் மற்ற அணி தொடங்க வேண்டும். தமிழில் வரி பெரும்பாலும் மெய்யெழுத்தில் முடியும் என்பதால், ‘ம்’ என்று முடிந்தால் ம, மா, மி என அந்த வரிசையில் எதிலும் தொடங்கலாம் என்றும், ‘ள்’, ‘ர்’ போன்று சொல்லுக்கு முதலில் வாராத எழுத்து அமைந்தால் அதற்கு முந்திய எழுத்தை எடுக்கலாம் என்றும் முதலிலேயே விதி சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் நடுவில் வழக்கு வரும். சிங்களப் பாடலையும் இந்திப் பாடலையும் ஒலியை வைத்து ஏற்றுக்கொள்ளுங்கள். அப்போது அருகில் அமர்ந்திருக்கும் சிங்களக் குடும்பமும் தானாகவே ஏதோ ஓர் அணியில் சேர்ந்துவிடும். அரசியல் சார்ந்த பாடல்களும், எந்த மதத்தையும் சீண்டும் பாடல்களும் வேண்டாம் என்று தொடக்கத்திலேயே பணிவாகச் சொல்லுங்கள். பாடுபவரிடம் ஒலிவாங்கியைக் கொடுக்காதீர்கள். பக்கத்து வாயிலுக்குரிய அறிவிப்பு அதனால் கேட்காமல் போகலாம். இருபது நிமிடம் போதும். விளையாட்டு உச்சத்தில் இருக்கும்போதே நிறுத்தினால் அடுத்த அறிவிப்பின் பின் மறுபடியும் தொடங்கலாம்.

பாட வெட்கப்படுவோருக்கு விடுகதை உண்டு. ‘காலில்லாத மான் வேரில்லாத புல்லைத் தின்கிறது, அது என்ன?’ என்று கேட்டால், கரையோர ஊர்க்காரர்களில் யாராவது ‘மீனும் பாசியும்’ என்று உடனே சொல்லிவிட்டு, அதைவிடக் கடினமான ஒன்றை உங்களிடமே திருப்பிக் கேட்பார்கள். கவி சொல்லத் தெரிந்த மூத்த பெண்கள் கிழக்கில் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் விரும்பினால் பெண்களின் நடுவிலிருந்தே சொல்லட்டும், முன்னே அழைக்க வேண்டாம். தாயமும் நாயும்புலியும் விளையாடுவதற்கான கட்டங்களை அட்டையில் அச்சிட்டு அலுமாரியில் வைத்திருப்பது செலவில்லாத ஏற்பாடு.

பிள்ளைகளுக்கு வண்ணப் பென்சிலும் கடதாசியும் கொடுங்கள். கடதாசி விமானப் போட்டி அவர்களுக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் பறக்கவிடும் கோட்டைச் சுவரை நோக்கியே வரையுங்கள், விமானத்துக்குச் செல்லும் கதவை நோக்கி ஒருபோதும் வேண்டாம். விமானத் தரிப்பிடத்துக்குப் போய்விடும் கடதாசித் துண்டுகூட இயந்திரத்துக்குள் இழுபடக்கூடிய பொருளாகவே கருதப்படும். போட்டி முடிந்ததும் எண்ணிப் பொறுக்குங்கள். பலூன் கொடுக்க வேண்டாம். அது வெடிக்கும் ஓசை ஒரு விமான நிலையத்தில் வேறு பொருள் தரும்.

பரிசு சிறிதாக இருக்கட்டும்: ஒரு பேனா, ஒரு தேநீர்ச் சீட்டு. சட்டப்படி எல்லோருக்கும் சேரவேண்டிய உணவையோ இழப்பீட்டையோ ஒருவருக்குப் பரிசுபோலக் கொடுப்பது நேர்மையற்ற செயல், அதை மேலதிகாரி சொன்னாலும் மறுத்துப் பேசுங்கள். யாருடைய உடையையும் பேச்சு வழக்கையும் பருமனையும் வைத்துச் சிரிப்பு உண்டாக்காதீர்கள். காணொளி எடுப்பதற்கு முன் அனுமதி கேளுங்கள். தாம் எங்கே போகிறோம் என்பதை ஊருக்குத் தெரிவிக்க விரும்பாதவர்கள் ஒவ்வொரு விமானத்திலும் இருக்கிறார்கள். உறங்குபவர்களுக்கும் அமைதியை விரும்புபவர்களுக்கும் வாயிலின் ஒரு மூலையை ஒதுக்கி, அங்கே ஒலி செல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சீனன்குடாவில்

திருகோணமலையின் உள்ளூர் விமான நிலையமான சீனன்குடாவுக்கு வந்துபோகும் சிறிய விமானங்களின் பயணிகளைக் கூட்டமாக எண்ண முடியாது. ஒரு வீட்டுத் திண்ணையில் அமரக்கூடிய சிலரே இருப்பார்கள். ஒக்டோபர் முதல் ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழை அவர்களைக் காக்க வைக்கும். இங்கே போட்டி எதுவும் பொருந்தாது, பேச்சே பொருந்தும். கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளைப் பற்றியும், சம்பந்தர் பாடிய கோணேசர் கோயிலைப் பற்றியும், 2003இல் தேசிய பூங்காவாக்கப்பட்ட புறாத்தீவைப் பற்றியும் மூன்று மொழிகளிலும் ஐந்து நிமிடம் பேசப் பழகிக்கொள்ளுங்கள். 1660இல், புயலில் பாய்மரம் இழந்த கப்பலோடு கொட்டியாரக் குடாவுக்கு வந்து மூதூர்ப் பக்கத்தில் பிடிபட்டு, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் வாழ்ந்து தப்பிய ரொபர்ட் நொக்ஸின் வரலாற்றை, வெளிநாட்டவர்கள் கண் இமைக்காமல் கேட்பார்கள். குடாவின் எந்தப் பக்கத்தில் அது நடந்தது என்பதைக் கை நீட்டிக் காட்டக்கூடிய அளவுக்கு நீங்கள் அதை அறிந்திருக்க வேண்டும்.

விமானத்துக்குள்

ஏறி அமர்ந்த பின் வரும் தாமதத்தில் செய்யக்கூடியவை குறைவு. பயணிகள் உள்ளே இருக்கும்போது எரிபொருள் நிரப்பப்பட்டால் ஆசனப் பட்டிகள் அவிழ்ந்திருக்க வேண்டும், நடைபாதையும் வெளியேறும் வழிகளும் தடையின்றி இருக்க வேண்டும். அந்நேரம் எந்த விளையாட்டுக்கும் உரியதல்ல. அமெரிக்காவில், புறப்பட முடியாமல் தரையில் நிற்கும் விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குள் உணவும் தண்ணீரும் கொடுக்க வேண்டும் என்பது விதி. விதி இல்லாத இடத்திலும் தண்ணீரை அதற்கு மிக முன்னரே கொண்டு செல்லுங்கள். தலைமை விமானி தாமே பேசும் இரண்டு நிமிடத்துக்கு இணையான ஆறுதல் வேறில்லை என்பதால், அவரை அடிக்கடி பேசும்படி கேளுங்கள். விடுகதை வரிசை வரிசையாக, அமர்ந்தபடியே நடக்கட்டும். நிறுவன விதியும் விமானியும் இடம் கொடுத்தால், தரையில் நிற்கும்போது பிள்ளைகளை ஒவ்வொருவராக விமானியறைக்கு அழைத்துக் காட்டலாம்.

புறப்பாடு அறிவிக்கப்பட்டதும் எந்த விளையாட்டையும் அந்த இடத்திலேயே முடித்து, வெற்றி தோல்வியை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு, பிள்ளைகள் உள்ள குடும்பங்களையும் முதியவர்களையும் முதலில் அழையுங்கள். கதவு மூடப்படுவதற்கு முன், உள்ளே உள்ள பணிக்குழுத் தலைவரிடம் சில விடயங்களை எழுதிக் கொடுங்கள்: எத்தனை மணிக்கு உணவு கொடுக்கப்பட்டது, யார் இன்னும் உண்ணவில்லை, தொடர் விமானம் தவறியவர்கள் எந்த ஆசனங்களில் இருக்கிறார்கள், தனியாக முதற்பயணம் போகும் பெண் எங்கே அமர்ந்திருக்கிறார், துக்கத்தில் இருப்பவர் யார்.